பீ.எச். என்னும் எண்: வன்னமில, வன்மூலக் கரைசல்களின் அளவீட்டு வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

1. முன்னுரை

இலீற்றருக்கு 10⁻⁸ மூல் செறிவுடைய ஐதரோகுளோரிக்கமிலக் கரைசலின் பீ.எச். பெறுமானம் யாது என்னும் வினா இரசாயனவியல் வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்கி வருவதொன்றாகும். செறிவின் மடக்கையை எடுத்து, அதன் குறியை மாற்றுக என்னும் சூத்திரத்தை மனனஞ் செய்த மாணவன் 8 என விடை எழுதுவான். 7இலும் கூடிய பெறுமானம் மூலக் கரைசலுக்கு உரியது. எனவே, தூய நீரிலே சிறிதளவு அமிலத்தைச் சேர்த்தால் நீர் மூலமாகிவிடும் என்பது அவ்விடையின் பொருள். இதன் அபத்தத்தை உணராமலே விடையை எழுதிச் செல்லும் மாணவர் பலர்.

இத்தவறு மாணவனின் அறியாமையால் மட்டும் விளைவதன்று. ஒரு சூத்திரம் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது, எந்த எடுகோள்களின்மீது நிற்கின்றது, எந்த எல்லைக்கப்பால் செல்லாதாகின்றது என்பன கூறப்படாது, அது முடிந்த முடிபாகக் கையளிக்கப்படும்போது இத்தகைய தவறு நிகழ்வது இயல்பே. விஞ்ஞானத்தை வரலாற்றினின்றும் பிரித்து நோக்கும் கல்விமுறையின் விளைவு இது எனலாம். வன்னமில, வன்மூலக் கரைசல்களின் பீ.எச். பெறுமானத்தைக் கணிக்கும் எளிய முறை எவ்வாறு உருவாயிற்று என்பதை அதன் சமூக, தொழிற்றுறைப் பின்னணியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அளவும் வன்மையும்

அமிலத்தை மனிதன் முதலில் அறிந்தது நாவினாலாகும். பின்னர் கண்ணினால் அறிந்தான். 1664ஆம் ஆண்டில் வெளிவந்த நிறங்கள் பற்றிய நூலிலே இங்கிலாந்தின் உறொபேட்டு பொயில், ஊதாப்பூச் சாறு அமிலத்தாற் சிவப்பாகவும் காரப்பொருள்களாற் பச்சையாகவும் மாறுவதை விரிவாக விளக்கினார். இன்று ஆய்வுகூடங்களில் வழங்கும் காட்டிகளின் முன்னோடி இது. எனினும், நிறமாற்றம் ஒரு பொருள் அமிலமா அன்றா என்பதைக் கூறிற்றேயன்றி எவ்வளவு என்பதைக் கூறவில்லை.

எவ்வளவு என்னும் வினாவைக் கைத்தொழிற் புரட்சியே எழுப்பிற்று. நெசவாலைகளின் வளர்ச்சியோடு துணியை வெளிற்றுவதற்கும் சவர்க்காரம், கண்ணாடி ஆகியவற்றைச் செய்வதற்கும் சோடாவும் அமிலங்களும் பெருமளவில் தேவைப்பட்டன. சந்தையில் வாங்கிய சோடாவில் உண்மையான காரம் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்பது வாங்குவோனின் இலாபநட்டத்தைத் தீர்மானித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சிலே டெக்குறொசில், கே-லுசாக்கு முதலியோர் நியமிப்பு முறையை வளர்த்தெடுத்தமை இத்தேவையின் விளைவாகும்.

நியமிப்பு அளப்பது அமிலத்தின் மொத்த அளவினையே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இலீற்றருக்கு 0.1 மூல் செறிவுடைய ஐதரோகுளோரிக்கமிலத்தையும் அதே செறிவுடைய அசற்றிக்கமிலத்தையும் சம கனவளவில் எடுத்தால், இரண்டையும் நடுநிலையாக்குவதற்கு ஒரே அளவு சோடியமைதரொட்சைட்டே வேண்டும். ஆனால் உலோகத்தைத் தாக்கும் விரைவிலோ மின்னைக் கடத்தும் திறனிலோ இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னையதன் பீ.எச். ஏறத்தாழ 1, பின்னையதன் பீ.எச். ஏறத்தாழ 2.9. வணிகனுக்கு முதலாவது அளவே போதுமாயிருந்தது. இரண்டாவதனைப் பற்றிய தேவை தோன்றுவதற்கு இன்னொரு கைத்தொழிலும் இன்னொரு கொள்கையும் வரவேண்டியிருந்தன.

தமிழில் வன்மை, செறிவு என்னும் இரு சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. வன்னமிலம் என்பது செறிந்த அமிலம் என்று பொருள்படாது. மிக ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும் வன்னமிலமே. செறிந்த அசற்றிக்கமிலமும் மென்னமிலமே.

3. ஒட்சிசனிலிருந்து அயனுக்கு

அமிலத்தை அமிலமாக்குவது யாது? ஒட்சிசன் என்பதே இலவோசியர் தந்த விடை. அமிலத்தைத் தோற்றுவிப்பது என்னும் பொருளிலேயே அவர் அத்தனிமத்திற்குப் பெயரிட்டார். 1810இல் அம்பிரி டேவி, ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பதை நிலைநாட்டியபோது அக்கொள்கை தகர்ந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1838இல் ஜேர்மனியின் லீபிக்கு, உலோகத்தால் இடம்பெயர்க்கப்படக்கூடிய ஐதரசனைக் கொண்ட சேர்வையே அமிலம் என்றார். இவ்விளக்கம் முன்னேற்றமானதெனினும், ஒரே அளவு ஐதரசனைத் தரவல்ல இரு அமிலங்கள் வன்மையில் ஏன் வேறுபடுகின்றன என்பதை அதனால் விளக்க முடியவில்லை.

சுவீடனைச் சேர்ந்த சுவாந்தே அரீனியசு 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வேடு இச்சிக்கலை மின்கடத்தலின் வழியாக அணுகிற்று. பரீட்சகர் அவ்வாய்வேட்டுக்குத் தாழ்ந்த தரத்தையே வழங்கினர். 1887இல் அவர் தம் கொள்கையை முழுமையாக வெளியிட்டார். மின்பகுபொருள்கள் நீரிற் கரைந்தவுடனேயே, மின்னோட்டம் செலுத்தப்படாத நிலையிலும், ஏற்றம் பெற்ற அயன்களாகப் பிரிந்துவிடுகின்றன என்பது அதன் சாரம். அமிலம் ஐதரசன் அயனைத் தருவது. மூலம் ஐதரொட்சில் அயனைத் தருவது. பிரியும் விகிதம் பெரிதாயின் அமிலம் வன்மையானது, சிறிதாயின் மென்மையானது. தாழ்ந்த தரம் பெற்ற அவ்வாய்வின் ஆசிரியருக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறுவனங்கள் வழங்கும் புள்ளிகளும் வரலாறு வழங்கும் புள்ளிகளும் ஒன்றாயிருப்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

4. நீரின் சாட்சியம்

அமிலமும் மூலமும் சேர்ந்து நீர் உண்டாகுமெனின், நீரும் மிகச் சிறிதளவேனும் மீண்டும் அவ்வயன்களாகப் பிரிதல் வேண்டும். இதனைக் காட்டுவதற்கு மாசற்ற நீர் தேவைப்பட்டது. வளியிலுள்ள காபனீரொட்சைட்டும் கண்ணாடியிலிருந்து கரையும் உப்பும் நீரின் கடத்துதிறனைக் கூட்டிவிடும். 1894இல் கோல்றௌசும் ஐட்வைலரும் வெற்றிடத்திலே நீரை வடித்து, அதுவரை எவரும் பெற்றிராத தூய்மையை அடைந்தனர். அந்நிலையிலும் கடத்துதிறன் பூச்சியமாகவில்லை. எஞ்சிய அச்சிறு கடத்துதிறன் நீரினது சொந்த அயன்களின் சாட்சியமாயிற்று.

இதிலிருந்து ஒரு முக்கிய தொடர்பு கிடைத்தது. எந்த நீர்க்கரைசலிலும் ஐதரசன் அயன் செறிவையும் ஐதரொட்சில் அயன் செறிவையும் பெருக்கினால் வருவது, குறித்த வெப்பநிலையில் ஒரு மாறிலியாகும். 25 பாகை செல்சியசில் இப்பெருக்கம் 10⁻¹⁴. தூய நீரில் இரு செறிவுகளும் சமமாதலால் ஒவ்வொன்றும் 10⁻⁷. அமிலத்தைச் சேர்க்கும்போது ஐதரசன் அயன் கூடுகின்றது. ஐதரொட்சில் அயன் அதற்கேற்பக் குறைகின்றது. ஆனால் முற்றாக அற்றுப்போவதில்லை. அமிலமும் மூலமும் ஒன்றையொன்று முற்றாக விலக்கும் இரு பகை உலகங்கள் அல்ல. ஒரே கரைசலில் எப்பொழுதும் ஒருங்கே நிலவும் எதிர்மறைகள் அவை. இவ்வுண்மையின் பயனாக அமிலத்தையும் மூலத்தையும் ஒரே அளவுகோலில் வைப்பது சாத்தியமாயிற்று.

5. மதுபானசாலையின் ஆய்வுகூடம்

அவ்வளவுகோல் பிறந்த இடம் கொப்பன்கேகனிலுள்ள ஒரு பியர்த் தொழிற்சாலையின் ஆய்வுகூடமாகும். கார்ல்சுபேர்க்குத் தொழிற்சாலையை 1847இல் நிறுவிய ஜே. சீ. யாக்கொப்சன், 1875இல் அதனுடன் ஓர் ஆய்வுகூடத்தையும் அமைத்தார். பெருந்தொட்டிகளில் புளித்துக் கெட்டுப்போகும் பியர் முதலாளிக்குப் பேரிழப்பு. நொதித்தலின் இரகசியத்தை அறிவது இலாபத்தின் நிபந்தனையாயிற்று. ஆனால் இவ்வாய்வுகூடத்தின் விதிகள் ஒருவகையிற் புறநடையானவை. ஆய்வின் முடிவுகள் மறைத்துவைக்கப்படலாகாது, வெளியிடப்படல் வேண்டும் என்று அவை கூறின. 1883இல் எமில் கிறித்தியன் ஆன்சன் தனிக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்த முறை போட்டித் தொழிற்சாலைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் யோகான் கெல்டால் தானியத்திலுள்ள நைதரசனை அளக்கும் முறையை வெளியிட்டார். தனியுடைமையின் தேவையிலிருந்து பிறந்த அறிவு பொதுவுடைமையாக வழங்கப்பட்டபோதே அது உலகெங்கும் பரவி வளர்ந்தது என்பது அவதானிக்கத்தக்கது.

கெல்டாலின் மறைவுக்குப் பின்னர், 1901இல், ஆய்வுகூடத்தின் இரசாயனப் பகுதிக்குத் தலைமையேற்றவர் சோரென் பீற்றர் லௌறிற்சு சோரென்சென் (1868–1939). விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். நொதியங்களின் தொழிற்பாட்டை அவர் ஆராய்ந்தபோது, சேர்க்கப்படும் அமிலத்தின் மொத்த அளவுக்கும் நொதியத்தின் வேகத்துக்கும் நேரான தொடர்பு இல்லாதிருப்பதைக் கண்டார். கரைசலிலுள்ள புரதங்களும் பொசுபேற்றுகளும் அமிலத்தின் ஒரு பங்கை உள்வாங்கிக் கொள்கின்றன. நொதியத்தைத் தீர்மானிப்பது, சேர்த்த அமிலத்தின் அளவன்று. தனித்து எஞ்சியிருக்கும் ஐதரசன் அயனின் செறிவே. நியமிப்பினால் அறியமுடியாத அளவு இதுவேயாகும்.

ஐதரசன் அயன் செறிவினால் அமிலத்தன்மையைக் குறிக்கும் வழக்கத்தை பிரீடந்தால் 1904இலேயே தொடக்கியிருந்தார். ஆனால் 0.01, 0.0000001, 0.000000000001 என விரியும் எண்களைக் கையாள்வது வில்லங்கமானது. 1909இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையிலே சோரென்சென், செறிவைப் பத்தின் அடுக்காக எழுதி, அவ்வடுக்கின் மறைக்குறியை நீக்கிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 10⁻² என்பது 2 ஆயிற்று. 10⁻¹² என்பது 12 ஆயிற்று. ஐதரசன் மின்வாயின் அழுத்தம் செறிவின் மடக்கையோடு நேராக மாறுவதால் இம்முறை கருவியின் இயல்போடும் பொருந்திற்று. நிறங்காட்டிகளால் அளப்பதற்கான நியமத் தாங்கற் கரைசல்களையும் அக்கட்டுரை வகுத்தளித்தது.

பீ என்னும் எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அடுக்கு என்னும் பொருளுடைய ஐரோப்பியச் சொற்களின் முதலெழுத்து அது என்பது பொதுவான விளக்கம். சோரென்சென் தம் கணிப்பில் இரு கரைசல்களுக்கு பீ, கியூ என அடுத்தடுத்த எழுத்துகளை இட்டார். அவற்றுள் ஒன்றே நிலைத்தது என்பது மூலக் கட்டுரையைப் பயின்ற ஆய்வாளர் சிலரின் கருத்து. எச் என்னும் எழுத்தை அவர் கீழ்க்குறியாக இட்டார். இரண்டையும் ஒரே வரியில் எழுதும் இன்றைய வழக்கம் 1920இல் வெளிவந்த மான்சுபீல்டு கிளாக்கின் நூலோடு, அச்சுக்கோப்பின் எளிமை கருதிப் பரவிற்று.

6. இரு தேனியரும் ஒரு சூத்திரமும்

வன்னமிலம் முற்றாகக் கூட்டற்பிரிவடையும். ஆகவே அமிலத்தின் செறிவே ஐதரசன் அயனின் செறிவு. இன்றைய கணிப்பின் அடிப்படை இதுவேயாகும். ஆனால் 1909இல் சோரென்சென் இதனை ஏற்றிருக்கவில்லை. அரீனியசின் வழிநின்று, வன்னமிலமும் ஒரு பகுதியே பிரிவதாக அவர் கொண்டார். இலீற்றருக்கு 0.01 மூல் ஐதரோகுளோரிக்கமிலமும் 0.09 மூல் சோடியங்குளோரைட்டும் கொண்ட நியமக் கரைசலில் அமிலத்தின் நூற்றுக்கு 91.7 பங்கே பிரிந்துள்ளதெனக் கணித்து, அதன் பெறுமானத்தை 2.038 என வகுத்தார். இன்றைய மாணவன் அதனை 2 என எழுதுவான்.

அதே 1909ஆம் ஆண்டில், இன்னொரு தேனியரான நீல்சு பியெறம், இலண்டனில் நடந்த பிரயோக இரசாயன மாநாட்டில் மாறுபட்ட கருத்தை முன்வைத்தார். குறோமிய உப்புக் கரைசல்களின் நிறம், கரைசலை ஐதாக்கும்போது மாறவில்லை என்பதை அவர் அவதானித்தார். அயன்களும் பிரியாத மூலக்கூறுகளும் கலந்திருப்பின், ஐதாக்கும்போது அவற்றின் விகிதமும், அதனால் நிறமும் மாறுதல் வேண்டும். மாறாமையால், வன்மின்பகுபொருள்கள் முற்றாகவே பிரிந்துள்ளன. கடத்துதிறன் குறைவது அயன்களுக்கிடையிலான மின்விசையாலாகும் என்பது அவர் முடிபு. 1923இல் டெபாய், ஊக்கல் ஆகிய இருவரின் கொள்கை இதற்குக் கணித அடிப்படை தந்தது.

ஆகவே பாடநூலில் ஒரே வரியில் வரும் சூத்திரம், உண்மையில் ஒரே ஆண்டில் ஒரே நாட்டவர் இருவர் தந்த, ஒன்றோடொன்று முரண்பட்ட இரு கருத்துகளின் இணைப்பாகும். அளவுகோல் சோரென்சென்னுடையது, முற்றான பிரிகை பியெறத்தினுடையது.

7. கணிப்பும் அதன் எல்லைகளும்

இப்பின்னணியிற் கணிப்புமுறையை நோக்குவோம். இலீற்றருக்கு 0.01 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஐதரசன் அயன் செறிவு 10⁻², பீ.எச். 2. அதே செறிவுடைய சோடியமைதரொட்சைட்டில் ஐதரொட்சில் அயன் செறிவு 10⁻². நீரின் அயன் பெருக்கத்தால் ஐதரசன் அயன் செறிவு 10⁻¹², பீ.எச். 12. பேரியமைதரொட்சைட்டின் ஒரு மூல் இரண்டு மூல் ஐதரொட்சில் அயனைத் தருவதால், 0.01 மூல் கரைசலில் அதன் செறிவு 0.02, பீ.எச். 12.30.

சல்பூரிக்கமிலத்திலும் அவ்வாறே இருமடங்காக்கலாம் என எண்ணுவது பொதுவான தவறு. அதன் முதற் பிரிகையே முற்றானது. இரண்டாவது பிரிகை 0.012 அளவிலான மாறிலியையுடைய சமநிலையாகும். 0.01 மூல் கரைசலில் ஐதரசன்சல்பேற்று அயனின் ஏறத்தாழ 0.0045 மூல் மட்டுமே மேலும் பிரிகின்றது. மொத்தம் 0.0145, பீ.எச். 1.84. இருமடங்காக்கினால் 1.70 வரும்.

மடக்கை அளவுகோலின் இயல்பை மறப்பதாலும் தவறு நேரும். பீ.எச். 2 உடைய அமிலத்தையும் 4 உடைய அமிலத்தையும் சம கனவளவிற் கலந்தால் 3 வராது. செறிவுகளின் சராசரி 0.00505; எனவே பீ.எச். 2.30. எண்களையன்றி அயன்களையே கூட்டல் வேண்டும். நியமிப்பின் முடிவுப்புள்ளியிலும் இவ்வியல்பு வியத்தகு முறையில் வெளிப்படும். இலீற்றருக்கு 0.1 மூல் அமிலத்தின் 50 மில்லிலீற்றருக்கு அதே செறிவுடைய வன்மூலத்தை அளவியிலிருந்து சேர்க்கின்றோம் எனக் கொள்க. 49.9 மில்லிலீற்றரில் பீ.எச். 4, 50.1 மில்லிலீற்றரில் 10. சில துளிகளுக்குள் ஐதரசன் அயன் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகின்றது. சிறுகச் சிறுக நிகழும் அளவு மாற்றம் ஒரு புள்ளியில் பண்பு மாற்றமாகப் பாய்வதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் ஆய்வுகூடத்தில் அரிது.

இனி, தொடக்கத்தில் கூறிய 10⁻⁸ மூல் அமிலத்திற்கு வருவோம். ஏனைய கரைசல்களில் நீர் தரும் அயன் புறக்கணிக்கத்தக்கது. இங்கோ நீர் தருவதே பெரும்பங்கு. கரைசல் மின்னடுநிலையானதாதலால், ஐதரசன் அயன் செறிவு, குளோரைட்டு அயன் செறிவினதும் ஐதரொட்சில் அயன் செறிவினதும் கூட்டுத்தொகைக்குச் சமம். நீரின் அயன் பெருக்கத்தோடு இதனைச் சேர்த்தால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தீர்வு 1.05 × 10⁻⁷, பீ.எச். 6.98. நீர் மிகச் சிறிதளவு அமிலமாகியுள்ளது; அவ்வளவே. கோல்றௌசும் ஐட்வைலரும் பெருமுயற்சியோடு கேட்டறிந்த நீரின் சாட்சியத்தை மறந்ததே மாணவனின் தவறு.

7 என்னும் நடுநிலை எண்ணும் முழுமுதலானதன்று. சோரென்சென் 18 பாகையில் அளந்தார். நீரின் அயன் பெருக்கத்தை அவர் 10⁻¹⁴·¹⁴ எனக் கொண்டமையால் அவரது நடுநிலை 7.07. மனித உடலின் வெப்பநிலையான 37 பாகையில் அது ஏறத்தாழ 6.8, 60 பாகையில் ஏறத்தாழ 6.5. கொதிநீர் தண்ணீரினும் அமிலமானது என்பது இதன் பொருளன்று. இரு அயன்களும் சமமாகவே கூடியுள்ளன.

செறிவு கூடிய பக்கத்திலும் எல்லையுண்டு. அயன்கள் நெருங்கும்போது அவற்றின் தொழிற்படு செறிவு எண்ணிக்கையிலிருந்து விலகுகின்றது. உயிற்பு என்னும் எண்ணக்கருவை அமெரிக்கரான லூயிசு 1907இல் வகுத்தார். இலீற்றருக்கு 0.1 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தில் உயிற்புக் குணகம் ஏறத்தாழ 0.8, எனவே பீ.எச். 1 அன்று, ஏறத்தாழ 1.1. 1924இல் சோரென்சென், லின்டர்சுற்றோம்-லாங்கு என்பவருடன் சேர்ந்து தம் வரைவிலக்கணத்தையே திருத்தி, செறிவின் இடத்தில் உயிற்பை வைத்தார். தாம் வகுத்ததைத் தாமே திருத்திய அவ்விஞ்ஞானியின் நேர்மை போற்றத்தக்கது. அளவுகோலும் 0இற்கும் 14இற்கும் இடையில் அடங்குவதன்று. கலிபோர்னியாவின் அயன் மவுண்டின் சுரங்க நீரில் −3.6 என்னும் பெறுமானம் பதிவாகி, 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கத்தில் கந்தகக் கனியங்கள் வளிபட்டு ஒட்சியேற்றமடைந்தமையால் விளைந்த அமிலம் அது.

8. எலுமிச்சையும் குருதியும்

ஐதரசன் மின்வாயைக் கையாள்வது கடினம். கண்ணாடி மென்படையின் இருபுறமும் அழுத்த வேறுபாடு தோன்றுவதைக் கிறெமர் 1906இல் கண்டார். ஆபரும் கிளமென்சிவிற்சும் 1909இல் அதனை மின்வாயாக வளர்த்தனர். ஆயின் கண்ணாடியின் தடை மிகப் பெரிதாதலால் அதனூடாகச் செல்லும் நுண்ணிய மின்னை அளப்பது அரிதாயிற்று. 1934இல் கலிபோர்னியாவின் பழச்செய்கையாளர் கூட்டமைப்பொன்றின் இரசாயனர், கந்தகவீரொட்சைட்டு இட்டுப் பேணப்பட்ட எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாது இடர்ப்பட்டார். அவ்வாயு ஐதரசன் மின்வாயைக் கெடுத்தது. சாயங்களின் நிறத்தையும் வெளிற்றியது. அவருடைய பழைய தோழரான ஆர்னல்டு பெக்குமன் வெற்றிடக்குழாய் மிகைப்பியைக் கண்ணாடி மின்வாயோடு இணைத்து, எவரும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பெட்டியாக்கினார். தேர்ந்த நிபுணனின் கையிலிருந்த அளவீடு இதனால் ஆலைத் தொழிலாளியின் கைக்கும் தாதியின் கைக்கும் வந்தது.

அளவீடு உயிர்காத்த நிகழ்ச்சியொன்றும் அதே கொப்பன்கேகனிலேயே இடம்பெற்றது. 1952இன் கோடையில் அந்நகரை இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கிற்று. பிளெக்டம் மருத்துவமனையில் சுவாசத்தசை செயலிழந்து இயந்திர உதவி பெற்ற முதல் 31 நோயாளருள் 27 பேர் மாண்டனர். அவர்களின் குருதியில் மொத்தக் காபனீரொட்சைட்டு மிகுந்திருந்தது. அந்நாளில் இது இருகாபனேற்றின் மிகுதி எனக் கொள்ளப்பட்டு, குருதி மூலத்தன்மையுற்றதாகக் கருதப்பட்டது. மயக்கமருந்து வைத்தியரான பியோண் இப்சென், நோயாளர் மூச்சை வெளியேற்ற முடியாது காபனீரொட்சைட்டைத் தேக்கி வைத்துள்ளனர். குருதி அமிலமாகியுள்ளது என வாதிட்டார். மொத்த அளவை மட்டும் நோக்கின் இரு முடிபுகளும் சாத்தியமே. குருதியின் பீ.எச். பெறுமானத்தை நேரே அளந்தபோது இப்சென்னின் கூற்றே உறுதியாயிற்று. ஆய்வுகூடத்தில் போல் அசுற்றப்பு அவ்வளவீட்டு முறையை வளர்த்தார். நோயாளரின் மூச்சுக்குழலில் துளையிட்டு, பையை அமுக்கிக் கையாற் காற்றூட்டும் பணியில் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக ஈடுபட்டனர். மரணங்கள் பெரிதும் குறைந்தன.

நலமுற்ற மனிதனின் குருதி 7.4, அது 7.1 ஆவதை எண்ணால் மட்டும் நோக்குவோர் அற்ப வீழ்ச்சி என்பர். ஆனால் 0.3 என்னும் வேறுபாடு ஐதரசன் அயன் செறிவு இருமடங்காவதைக் குறிக்கின்றது. கைத்தொழில் யுகத்தில் கடல்மேற்பரப்பு நீரின் பெறுமானம் ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1இற்கு இறங்கியுள்ளது என்னும் செய்தியையும் இவ்வாறே படித்தல் வேண்டும். 0.1 என்பது ஐதரசன் அயன் நூற்றுக்கு 26 பங்கு அளவில் கூடியமையைச் சுட்டுகின்றது. மடக்கையைப் புரிந்துகொள்ளாத சமூகம் இத்தகைய செய்தியின் பாரதூரத்தை உணர முடியாது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம். முதலாவது, பீ.எச். என்னும் எண் தனியொரு மேதையின் திடீர்க் கண்டுபிடிப்பன்று. நெசவாலை, பியர்த் தொழிற்சாலை, பழத்தோட்டம், மருத்துவமனை ஆகியவற்றின் தேவைகளும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கொள்கைப் போராட்டமும் சேர்ந்து உருவாக்கிய சமூக விளைபொருள் அது. இரண்டாவது, அளவும் வன்மையும் வேறு என்னும் உண்மை, சோடா வணிகனுக்குத் தேவைப்படாது, நொதிய ஆய்வாளனுக்குத் தேவைப்பட்டு, 1952இல் உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாயிற்று. மூன்றாவது, சூத்திரத்தின் ஆற்றல் அதன் எல்லைகளிலிருந்து பிரிக்கமுடியாதது. மிக ஐதான கரைசலில் நீரையும், மிகச் செறிந்த கரைசலில் உயிற்பையும், இருமூல அமிலத்தில் சமநிலையையும், எல்லாவற்றிலும் வெப்பநிலையையும் அது தன் நினைவிற் கொள்ளவேண்டியுள்ளது.

தமிழ்மொழிமூலம் இரசாயனவியல் கற்பிப்போர்க்கு இதிலே ஒரு பணி உண்டு. கலைச்சொற்களை ஆக்கித் தந்த முன்னோர் வன்மையையும் செறிவையும் மயக்கமறப் பிரித்து வைத்துள்ளனர். சூத்திரத்தோடு அதன் வரலாற்றையும் சேர்த்துக் கொடுப்பது நம் பொறுப்பு. அவ்வாறு கற்ற மாணவன் 8 என்னும் விடை வந்தவுடன் பேனாவை நிறுத்துவான். அமிலம் சேர்த்த நீர் எவ்வாறு மூலமாகும் என்று தன்னையே வினவுவான். அவ்வினாவிலிருந்தே அவனது இரசாயனக் கல்வி தொடங்குகின்றது.